தோலில் தோன்றும் வெண்புள்ளிகள்

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வெண்புள்ளியுடன் வருவோர் பெரும்பாலும் தாழ்ந்த குரலில் கேட்கும் முதற்கேள்வி, “இது பிறருக்குத் தொற்றுமா?” என்பதே. தொற்றாது. தொழுநோய்க்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. முற்காலத்தில் இதனை வெண்குட்டம் என்று அழைத்ததால் விளைந்த தீங்கு இன்னும் நீங்கவில்லை. அச்சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை.

வெள்ளையாகத் தெரிவன எல்லாம் வெண்புள்ளி நோயும் அல்ல. மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலுடன் பரவும் தேமல் பூஞ்சையால் வருவது. குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் மங்கலான திட்டுகள் பெரும்பாலும் வறண்ட தோலில் வருபவை. வயிற்றுப்பூச்சி மருந்தால் அவை மறைவதில்லை. தொடு உணர்ச்சி குன்றிய வெளிர்திட்டை மட்டும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். அதுவும் மாத்திரைகளால் குணமாகக்கூடியதே.

வெண்புள்ளி நோயில், மெலனின் என்னும் நிறமியை உருவாக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. அவ்விடம் சுண்ணாம்புபோல் வெளுக்கிறது. இவர்களுள் சிலருக்குத் தைராய்டு கோளாறும் இருப்பதால் இரத்தப் பரிசோதனை செய்கிறோம். மீன் உண்டபின் பால் அருந்துவதால் இது வருவதில்லை. புளிப்பை விலக்கச் சொல்லி வளரும் பிள்ளைகளுக்கு நெல்லிக்காயையும் எலுமிச்சையையும் மறுப்பது வருந்தத்தக்கது.

நெற்றியின் நடுவில் மட்டும் வெளுத்திருந்தால் ஒட்டுப்பொட்டின் பசையையும், பாதத்தில் வார் பட்ட இடத்தில் வெளுத்திருந்தால் ரப்பர் செருப்பையும் ஐயுறுகிறோம். இவற்றிலுள்ள சில வேதிப்பொருள்கள் நிறமிச் செல்களைக் கொல்லும். அப்பொருளை அன்றே நிறுத்துவது சிகிச்சையின் முதற்படி.

புள்ளிகள் சிலவாக இருக்கையில் ஸ்டீராய்டு அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு தருகிறோம். பரவலாக இருப்பின், 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளிச்சிகிச்சை வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை அளிக்கப்படும். ஓராண்டேனும் புதிய புள்ளி தோன்றாமல் நோய் நிலைத்திருப்பின், தோல் ஒட்டு அல்லது நிறமிச் செல் மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம். கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்று, கொப்புளங்களோடு வருவோரையும் காண்கிறோம். அதிலுள்ள சோராலென் உண்மையிலேயே மருந்துதான். அளவறியாமல் பூசினால் தோலைச் சுட்டுவிடும்.

முகத்தில் நிறம் விரைவில் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும், முடி நரைத்துவிட்ட திட்டுகளிலும் திரும்புவது கடினம். நிறமிச் செல்களின் சேமிப்பு மயிர்க்காலில் இருப்பதே காரணம். இதனை நாங்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஏனைய இடங்களிலும் முதல் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவு பழுப்புப் புள்ளிகளாக அது தொடங்கும். அதற்குள் மனம் தளர்ந்து நிறுத்திவிடுவோர் பலர். ஆகவே, சிகிச்சை தொடங்கும் நாளன்றே திட்டுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்து, ஒவ்வொரு வருகையின்போதும் உடன் கொண்டு வருமாறு வேண்டுகிறோம்.