மழைத்துளியின் வடிவமும் ராடார் ஆண்டெனாவின் முனைவாக்கத் தூய்மையும்

தூறலில் விழும் சிறு துளிகள் ஏறக்குறைய உருண்டையானவை. பெருமழைத் துளிகளோ காற்றின் எதிர்ப்பால் தட்டையாகி, உயரத்தினும் அகலம் மிகுந்து விழுகின்றன. இவ்வேற்றுமையை அறிய, வானிலை ராடார் மின்புலம் கிடையாக அதிரும் அலை ஒன்றையும் செங்குத்தாக அதிரும் அலை ஒன்றையும் அனுப்புகின்றது. மின்புலம் இவ்வாறு குறித்த திசையில் அதிர்வதே முனைவாக்கம் எனப்படும். அகன்ற துளி, கிடையலையையே மிகுதியாகத் திருப்பும். திரும்பிவரும் இரண்டின் விகிதத்தினின்று துளியின் பருமனும் மழையின் அளவும் கணிக்கப்படும். விகிதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 0.2 டெசிபெல், பிழை நேரினும் கணக்கு பழுதுபடும்.

சிரபுஞ்சியில் 2016-இல் செயற்படத் தொடங்கிய ராடாரைப் போன்ற குழிவுத்தட்டு ஆண்டெனா, நோக்கும் திசைக்குத் தானே திரும்புவது. ஆதலின் அதன் கிடை எத்திசையிலும் கிடையாகவே நிற்கும். வரிசை ஆண்டெனா வேறு வகையினது. ஒரு முகப்பில் ஆயிரக்கணக்கான சிற்றுறுப்புகள் பதிந்திருக்கும். உறுப்புக்கு உறுப்பு அலையைச் சிறிது முன்பின்னாக விடுவதால், முகப்பு அசையாமலே அலைக்கற்றை திசை மாறும். விரைவாக உருமாறும் இடிமேகத்தை ஆராய இது மிகவும் ஏற்றது. ஆயினும் தொல்லையும் இங்கேதான் தொடங்குகின்றது.

கரும்பலகையின் மேற்பகுதியில் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் வெட்டிக்கொள்ளுமாறு வரைந்து, அறையின் மூலையில் தரையில் அமர்ந்து நோக்குக. செங்குத்துக்கோடு நிமிர்ந்தே தோன்றும். கிடைக்கோடு சாய்ந்து தோன்றும். செங்குத்து முகப்பில் கிடையாகப் பதித்த கம்பியின் அலையும் இவ்வாறே சாயும். நேர் எதிரே நோக்கும்பொழுதும், பக்கவாட்டில் மட்டுமோ மேல்நோக்கி மட்டுமோ திரும்பும்பொழுதும் சாய்வில்லை. பக்கவாட்டில் 45 பாகையும் மேலே 20 பாகையும் சேர்ந்து திரும்பினால், கிடையலையின் வீச்சில் மூன்றிலொரு பங்களவு செங்குத்துக் கூறு கலந்துவிடும். இது செய்திறக் குறையன்று. வடிவ கணிதத்தின் விளைவு.

எவ்வளவு கலப்பு பொறுக்கத்தக்கது என்பது அலை அனுப்பும் முறையைப் பொறுத்தது. இரு அலைகளையும் மாறி மாறி அனுப்பினால் கலப்பு, முதன்மை அலையினும் ஏறத்தாழ 22 டெசிபெல் குறைந்திருந்தால் போதும். அதாவது வீச்சில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒருசேர அனுப்பினால் கசிவு முதன்மை அலையோடு நேரே கூடிவிடுமாதலின், ஏறத்தாழ 44 டெசிபெல், அதாவது நூற்றறுபதில் ஒரு பங்கு, வேண்டும். மூன்றிலொரு பங்கு எங்கே, நூற்றறுபதில் ஒரு பங்கு எங்கே! ஒருசேர அனுப்புதல் காலத்தைச் சேமிப்பது என்பதால் அதனைக் கைவிடவும் மனம் வருவதில்லை.

அடுத்தடுத்த உறுப்புகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் பதித்து, மின்னோட்டத்தையும் எதிராக ஊட்டினால், உறுப்புகளின் சொந்தக் கசிவு பெரிதும் ஒன்றையொன்று அழிக்கும். மேற்கூறிய சாய்வை இது நீக்காது. சாய்வுக்குரிய எதிர்ப்பங்கைச் செங்குத்து உறுப்புக்கு ஊட்டி அதனை ஈடுசெய்தல் வேண்டும். ஓரத்து உறுப்புகள் நடுவிலுள்ளவை போல் நடவாமையாலும், வெப்பநிலையால் பெருக்கிகள் மாறுவதாலும், இவ்வீட்டின் அளவு திசைதோறும் அளந்து சரிபார்க்கப்படவேண்டியது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் 2018-இல் நிறுவப்பட்ட, 4,864 உறுப்புகள் கொண்ட சோதனை ராடாரில் பெரிதும் ஆராயப்பட்டது இவ்வளவையே.

அந்நகரத்து ஆய்வாளர்கள் உருளை வடிவ ஆண்டெனாவையும் ஆராய்ந்துள்ளனர். உருளையில் எத்திசைக்கும் நேரெதிரான ஒரு பகுதி உண்டு. கற்றை அங்கிருந்தே புறப்படுவதால் பக்கவாட்டுச் சாய்வு எழுவதில்லை. இதற்கு ஈடாக, உறுப்புகளில் ஒரு பகுதியே ஒரு சமயத்தில் ஒரு கற்றைக்குப் பயன்படும்.