ஐம்பது நிமிட விமானம், ஐந்து மணி நேரப் பயணம்

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தால் சுமார் 344 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு இது ஒரு தூரமே இல்லை. சிக்கலே அதுதான். முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து சீராக இறங்க ஒரு விமானத்துக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். ஏறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு போய்விடும். ஆக, ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டியதுதான். பணியாளர்கள் காபி கொடுத்த வேகத்திலேயே காலிக் கோப்பைக்குக் கை நீட்டுவது இதனால்தான்.

வானில் இருப்பது 50 நிமிடம் போல. கால அட்டவணையோ ஒன்றே கால் மணி நேரம், அதற்கு மேலும் சொல்லும். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் போய் நிற்பதுவரை எல்லாமே பயண நேரக் கணக்கு. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு இருப்பது இரண்டே ஓடுபாதைகள். கிளம்ப வரிசை, இறங்க வானத்தில் வட்டம். இந்தக் காத்திருப்பையும் அட்டவணையில் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறார்கள். "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி பெருமையோடு அறிவித்தால், கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

இந்தத் தடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1919 ஆகஸ்ட் 25 காலை, இன்றைய ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோ திடலிலிருந்து ஒரு டி ஹாவிலாண்ட் விமானம் பாரிஸுக்குக் கிளம்பியது. தினசரி சர்வதேச விமான சேவையின் தொடக்கம் அது. உள்ளே ஒரே ஒரு பயணி. கூடவே தோல் பொதி, வேட்டையில் கிடைத்த பறவைகள், டெவன்ஷயர் பாலாடை ஜாடிகள்! பாரிஸை ஒட்டிய லெ பூர்ஜேயில் தரையிறங்க இரண்டரை மணி நேரம் பிடித்தது.

இப்போது ரயிலுக்கு வருவோம். 1994இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் ரயில் சுரங்கம் திறந்தபோது லண்டனிலிருந்து பாரிஸ் போக மூன்று மணி நேரம். 2007இல் இங்கிலாந்துப் பக்கத்திலும் அதிவேகப் பாதை முழுமையடைந்ததும் அது 2 மணி 16 நிமிடமாகக் குறைந்தது. ரயில் சுற்றிக்கொண்டு போவது ஏறக்குறைய 490 கிலோமீட்டர். சுரங்கத்துக்குள் வேகத்தை மணிக்கு 160 கிலோமீட்டருக்குக் குறைத்துக்கொள்கிறது. இருந்தும் 1919இன் விமானத்தை முந்திவிட்டது.

இன்றைய விமானத்தையும்தான். ஊருக்கு நடுவிலிருந்து ஹீத்ரோ போக முக்கால் மணி, அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு, பறத்தல், பெட்டி, பிறகு பாரிஸின் சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் இன்னொரு ரயில். கூட்டினால் ஐந்து மணி நேரத்தை ஒட்டிவிடும். பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், பார்வைக்கு ஆறு!

ரயிலுக்கும் ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்கத்தான் வேண்டும். ஆனால் லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலேயே பாதுகாப்புச் சோதனை, நாலடி தள்ளிப் பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை, இரண்டும் முடிந்துவிடும். பாரிஸில் இறங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தெருவுக்கு வந்துவிடலாம்.