ஊசி இல்லை, கத்தி இல்லை: மறதி நோய்க்கு மூளைப் பயிற்சி!

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக் கொண்டு, "என் கண்ணாடி எங்கே?" என்று வீடு முழுவதும் தேடுவார் தாத்தா. பேரப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தாத்தாவும் சிரித்து விடுவார்.

இது சாதாரண மறதி. எல்லா வீட்டிலும் உண்டு.

ஆனால், தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போன தாத்தா, வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நின்றால்? பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்டால்? அது சிரிக்கிற விஷயம் அல்ல. அது நோய்.

டாக்டர்கள் அதை "டிமென்சியா" என்கிறார்கள். தமிழில் மறதி நோய் எனலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில், 100 பேருக்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர்!

பேச ஆள் இல்லை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில், வேலையில் இருந்து ஓய்வு பெற்று, சொந்த வீட்டில் வாழும் முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வருவார்கள். சிலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில்.

பகல் முழுவதும் நான்கு சுவர்தான் துணை. பேச்சு குறைகிறது. மனம் சோர்கிறது. மூளைக்கும் வேலை இல்லாமல் போகிறது.

இந்த மூளைக்கு மீண்டும் வேலை கொடுத்தால் என்ன?

201 பேர் சோதனை

இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மறதி நோய் உள்ள 201 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி. மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

பயிற்சி வாரத்துக்கு 2 முறை, 7 வாரம் நடந்தது. ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். மொத்தம் 14 கூட்டங்கள்.

முடிவு 2003-ம் ஆண்டு வெளியானது. பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களை விட நினைவுச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். அவர்களுடைய வாழ்க்கையும் மேம்பட்டிருந்தது.

இதே முறையைத் தமிழ் முதியவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தது, சென்னை அண்ணா நகரில் உள்ள "ஸ்கார்ப்" நிறுவனம். மனநல டாக்டர் சாரதா மேனன் 1984-ம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் இது. சென்னையில் நடந்த முதல் சோதனையின் விவரம் 2017-ம் ஆண்டு வெளியானது.

என்ன செய்கிறார்கள்?

சில முதியவர்கள் வட்டமாக உட்காருகிறார்கள். தங்கள் குழுவுக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். ஒரு பாட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு ஒரு நாள் சாப்பாடு பற்றிப் பேச்சு. இன்னொரு நாள் சிறு வயது நினைவுகள். மற்றொரு நாள் காசுக் கணக்கு, சொல் விளையாட்டு, பந்து விளையாட்டு.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. "ஞாபகம் இருக்கிறதா?" என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால், தெரியாதவர் கூனிக் குறுகிப் போவார்.

"அந்தக் காலத்து இட்லி ருசியா, இந்தக் காலத்து இட்லி ருசியா?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குத் தப்பான பதிலே கிடையாது! வாய் திறக்காதவரும் பேசத் தொடங்குவார்.

இந்தப் பயிற்சி நோயை ஒழித்து விடாது. ஆனால், இருக்கிற அறிவைப் பேணிக் காக்க உதவும்.

ஏமாறாதீர்கள்!

"எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடினால் மறதியே வராது" என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் அப்படி விளம்பரம் செய்த ஒரு கம்பெனி, 2016-ம் ஆண்டு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. விளம்பரத்துக்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்பதே புகார்.

முதலில் டாக்டர்

"வயசானால் அப்படித்தான்" என்று சும்மா இருந்து விடக் கூடாது. தைராய்டு கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். மனச்சோர்வும் மறதி நோயைப் போலவே தோன்றும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. ஆகவே, முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் 1978-ம் ஆண்டிலேயே முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார், டாக்டர் வி.எஸ்.நடராஜன். கிண்டியில், முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ம் ஆண்டு திறக்கப்பட்டது. தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் கிண்டியில் இறங்கிக் கொள்ளலாம்.

வழி தெரியாவிட்டால் போனில் கேட்கலாம். முதியோர் உதவிக்கு 14567. மனக் கவலைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

மறதி நோய்களில் 100-க்கு 45 வரை தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்று உலக நிபுணர்கள் 2024-ம் ஆண்டு கூறினார்கள். ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வையுங்கள். காது மந்தம் என்றால் கருவி வாங்கிக் கொடுங்கள். புகையிலை வேண்டாம். தினமும் நடக்கச் சொல்லுங்கள்.

பரணில் பல்லாங்குழி கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். பாட்டியோடு பேத்தி உட்கார்ந்து ஆடட்டும். சோழியை எண்ணும்போது கணக்கும் வரும், பேச்சும் வரும், சிரிப்பும் வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார் என்று எரிந்து விழாதீர்கள். அவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் கேள்விதான்!