கிணற்றடிக் கருங்கல்

பீர்க்கன்கரணை, தாம்பரம், பல்லாவரம் முதலிய இடங்களில் கிணறு வெட்டுங்கால் தட்டுப்படும் நீலம் பாய்ந்த கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக்கல் இவ்வினத்ததே எனக் கண்டு, தாமஸ் ஹாலண்டு என்னும் பூகர்ப்ப சாஸ்திரி 1893-ல் அப்பெயரை இட்டார். நம்மூர்க் கல்லுக்குக் கல்லறையால் பெயர் வாய்த்தது விநோதமே.

சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன், பூமியின் வெகு ஆழத்தில், கடும் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் இது உருவாயிற்று. மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பதால், உள்ளே ஜலம் தங்க இடமில்லை. மேலேயுள்ள மக்கிய பாறையிலும், கீழே வெடிப்புகளிலுமே ஊற்று உண்டு. ஆகையால், வெடிப்பற்ற பாறை தட்டிய பின்னும் மருந்து வைத்து ஆழப்படுத்துவது பெரும்பாலும் கடனில்தான் முடியும். பக்கத்துளையிட்டு வெடிப்பைத் தேடுவதே மேல். புதுக் கிணற்றுக்கு, மக்கிய பாறை கனமாயுள்ள பள்ளப்பாங்கான நிலமே உகந்தது.