மகுடத் தமனிப் படிவுகள்: “அடைப்பு இல்லை” என்னும் முடிவின் பொருள்

வங்கக் கடலில் வடக்கு தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கும் அந்தமான், நிகோபார் தீவுகளில், 2011-ஆம் ஆண்டு மக்கட் கணக்கின்படி ஏறத்தாழ 3,80,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகரமாகிய போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ளது. அங்கிருந்து சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கார் நிக்கோபாரிலோ கச்சாலிலோ வாழ்பவர் முதலில் தலைநகருக்கு வந்து சேரவே கடலையும் காற்றையும் நம்பியிருக்க வேண்டும். இருதய நோயைப் பற்றிய கட்டுரை பூகோளத்தில் தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். நோயின் முடிவைத் தீர்மானிப்பதில் இத்தூரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

நெஞ்சு வலியால் துன்புறும் தீவுவாசி ஒருவர், விரிவான பரிசோதனைக்காக, அங்குள்ளோர் ‘மெயின்லாண்டு’ என்று வழங்கும் பெருநிலத்துக்குக் கடல் கடந்து வருகிறார் என்று கொள்வோம். ஆஞ்சியோகிராம் எடுக்கப்படுகிறது. “பெரிய அடைப்பு எதுவும் இல்லை, சிறிது கொழுப்புப் படிந்துள்ளது, மாத்திரை சாப்பிட்டு வாருங்கள்” என்று மருத்துவர் கூறுகிறார். நோயாளியின் செவியில் விழுவது முதல் வாக்கியம் மட்டுமே. ஊர் திரும்பியதும், பிளாக் இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என உற்றாரிடம் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார். மாத்திரை ஒரு மாதத்தில் தீர்கிறது, மீண்டும் வாங்கப்படுவதில்லை. இவ்வாறு நிகழ்வது தீவுகளில் மட்டுமன்று. எனினும் அங்கே இதன் விலை அதிகம்.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள், மகுடம் சூட்டினாற் போல் அதன் மேற்புறத்தில் அமைந்திருத்தலால் மகுடத் தமனிகள் எனப் பெயர் பெற்றன. இவற்றின் உட்சுவர் வழவழப்பான மெல்லிய படலத்தால் ஆனது. உயர்ந்த இரத்த அழுத்தம், புகையிலை, நீரிழிவு முதலியவற்றால் இப்படலம் நலிவுறும்போது, இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்கி அகற்ற வரும் வெள்ளணுக்கள், விழுங்கியது செரியாமல் அங்கேயே மடிகின்றன. நாளடைவில் சுவரின் உள்ளே கூழ் போன்றதொரு கொழுப்புக் குவியலும், அதன் மேல் நார்த்திசுவாலாகிய மூடியும் உண்டாகின்றன. இதுவே படிவு எனப்படுவது.

தண்ணீர்க் குழாயில் உப்புக் காறை ஏறுவதைப் போன்றது இது என்று உவமை கூறுவது வழக்கம். இவ்வுவமையில் பாதி மெய். மற்றப் பாதி தீங்கு விளைவிப்பது. காறை குழாயின் உட்பரப்பின் மேல் படிகிறது. கொழுப்போ சுவரின் உள்ளே சேர்கிறது. தோலின் கீழ் சீழ் கோத்த கட்டி என்று கூறுவதே பொருத்தமாகும். இரும்புக் குழாய் விரிந்து கொடுக்காது. தமனி விரிந்து கொடுக்கும். அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணராகிய சிமோர் கிளாகோவும் அவருடைய குழுவினரும், இறந்தோரின் இருதயங்களை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுகூரத் தக்கது. படிவு வளர வளரத் தமனி வெளிப்புறமாக விரிந்து தன் துவாரத்தைக் காத்துக்கொள்கிறது. சுவருக்குட்பட்ட பரப்பில் ஏறத்தாழ 40 சதவிகிதத்தைப் படிவு பற்றிய பின்னரே துவாரம் குறுகத் தலைப்படுகிறது. அதுவரை இரத்தம் தடையின்றி ஓடும். நோயாளிக்கு வலியும் இராது.

ஆஞ்சியோகிராம் இந்நிலையில் எதைக் காட்டும்? 1958-ஆம் ஆண்டில் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவர் முதன்முதலாக மகுடத் தமனிகளுக்குள்ளேயே நிறப்பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் முறையைக் கண்டார். இருதய மருத்துவத்தின் வரலாற்றையே மாற்றிய முறை இது. ஆயினும் அது காட்டுவது நிறப்பொருள் ஓடும் துவாரத்தின் நிழலை மட்டுமே. சுவரை அது காட்டுவதில்லை. ஆற்றின் அகலத்தை அளந்து கரையின் உறுதியைக் கூற இயலாதவாறு போன்றது இது. துவாரத்தில் 50 சதவிகிதத்துக்குக் குறைவாகக் குறுகல் இருப்பின் அதனை அடைப்பு ஏற்படுத்தாத நோய் என வகுப்பது பொதுவான மரபு. சிலர் 70 சதவிகிதம் வரை இவ்வகையில் சேர்ப்பர்.

இதனைத் தமிழாக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. ‘அடைப்பு இல்லாத இருதய நோய்’ என்று எழுதினால், நோயே இல்லையென்னும் சாயல் அச்சொற்றொடரில் வந்து ஏறிக்கொள்கிறது. பேச்சு வழக்கில் ‘அடைப்பு’ என்பதே இருதய நோய்க்கு மறுபெயராகிவிட்டமையே இதற்குக் காரணம். ‘அடைக்காத படிவு நோய்’ என்பது செவிக்கு இனிமையாக இல்லாவிடினும் உண்மைக்கு அண்மையானது.

பெரும்பாலான மாரடைப்புகள் படிவு மெல்ல மெல்ல வளர்ந்து துவாரத்தை முற்றும் மூடுவதால் நிகழ்வனவல்ல. மெல்லிய மூடியையுடைய படிவு ஒன்று திடீரெனக் கிழிகிறது. உள்ளிருக்கும் கொழுப்புக் கூழ் இரத்தத்தைத் தொட்ட சில நிமிடங்களில் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து துவாரத்தை மூடுகிறது. முந்திய நாள் வரை பாதியளவு கூடக் குறுகாதிருந்த இடத்தில் இவ்வாறு நிகழ்வது அரிதன்று. மூடியின் கனமும் கூழின் அளவும் படிவின் பருமனைக் காட்டிலும் முக்கியமானவை என இதனால் பெறப்படும்.

இந்நோய் முதுமைக்கே உரியதன்று. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரர்களின் உடல்களைச் சோதித்து 1953-இல் வெளியிடப்பட்ட அறிக்கை, சராசரி வயது 22 ஆன அவ்விளைஞர்களுள் நான்கில் மூவருக்கு மகுடத் தமனிகளில் படிவின் அடையாளம் இருந்ததாகக் கூறிற்று. இந்தியருக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடைபெற்ற பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைத் தனராஜ் முதலியோர் ஆராய்ந்து 1959-இல் வெளியிட்டனர். ஒரே நகரில், ஒரே காலத்தில் வாழ்ந்தும், சீனரைக் காட்டிலும் இந்தியருக்கு மகுடத் தமனி நோயால் மரணம் ஏறத்தாழ 7 மடங்கு மிகுதி என அதனால் தெரிய வந்தது. அந்நகரத்து இந்தியருள் பெரும்பாலோர் தமிழர் என்பதை வாசகர் அறிவர்.

சுவரையும் சேர்த்துக் காட்டும் ஆற்றல் சி.டி. ஆஞ்சியோகிராம் என்னும் புதிய முறைக்கு உண்டு. கையில் உள்ள இரத்தக் குழாயில் நிறப்பொருளை ஊசியால் செலுத்தி எக்ஸ்-கதிர்களால் குறுக்குவெட்டுப் படங்களைப் பெறுவதே இம்முறை. இதன் துணையால், அடைக்காத படிவுகளுடையோரின் வருங்காலத்தை ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து அறிய இயன்றது. வட அமெரிக்காவில் 10,003 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘பிராமிஸ்’ ஆய்வில், சி.டி. படம் முற்றும் தூய்மையாக இருந்தோருள் ஏறத்தாழ இரண்டாண்டுகளில் மரணமோ மாரடைப்போ அதனையொத்த கடும் நெஞ்சு வலியோ நேர்ந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அடைக்காத படிவு கண்டோருள் அது நூற்றுக்கு மூவர் அளவில் இருந்தது. மூன்று என்பது சிறு தொகைதானே எனத் தோன்றலாம். ஆனால் இவ்வகையினர் தொகையில் மிகுந்தவர். ஆகையால் நேர்ந்த தீங்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, ‘பெரிய அடைப்பு இல்லை’ எனப்பட்டோரிடமே நிகழ்ந்திருந்தன. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 37,674 பேரைப் பற்றிய 2014-ஆம் ஆண்டு ஆய்வும் இதனை உறுதி செய்கிறது. தமனிகளில் நோயே காணப்படாதோரை நோக்க, அடைக்காத படிவுடையோருக்கு ஓராண்டில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு 2 முதல் 4½ மடங்கு வரை மிகுந்திருந்தது. எத்தனை தமனிகளில் படிவு இருந்தது என்பதைப் பொறுத்தது இவ்வேறுபாடு.

இனி நம்பிக்கை தரும் பகுதிக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் நெஞ்சு வலியுற்ற 4,146 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்போடு சி.டி. ஆஞ்சியோகிராமும் செய்தனர். ஐந்தாண்டுகளில், மகுடத் தமனி நோயால் மரணமோ மாரடைப்போ அடைந்தோர் சி.டி. பிரிவில் 2.3 சதவிகிதம், மற்றதில் 3.9 சதவிகிதம். இவ்வேறுபாடு ஸ்டென்ட் வைத்ததாலோ அறுவை சிகிச்சையாலோ விளைந்ததன்று. அவை இரு பிரிவிலும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. படத்தில் படிவைக் கண்டவுடன் உரிய மாத்திரைகளைத் தொடங்கியதே காரணம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2025-இல் வெளியான பத்தாண்டுக் கணக்கிலும் இந்நன்மை நீடித்தது.

அம்மாத்திரைகளுள் முதன்மையானது ஸ்டாடின் வகை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளே இவ்வகையின் மூலம். ஸ்டாடின் படிவை முழுவதும் கரைத்துவிடுவதில்லை. கூழைக் குறைத்து, மூடியைக் கனப்படுத்தி, படிவை இறுகச் செய்கிறது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வோரின் படத்தில் சுண்ணாம்புச் சத்து முன்னிலும் மிகுந்து தோன்றுவதுண்டு. நோய் முற்றியதென அஞ்சி மருந்தை நிறுத்துவோர் இதனை அறிந்திருத்தல் நலம். ஆஸ்பிரினோ எல்லோருக்கும் உரியதன்று. இரத்தக் கசிவுக்கு இடமளிக்குமாதலால் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். படிவின்றியே நுண்ணிய இரத்தக் குழாய்களின் கோளாற்றால் நெஞ்சு வலி வருவதும் உண்டு. பெண்களிடம் இது மிகுதி. படம் தூய்மையாக உள்ளமை கண்டு, வலி வெறும் மனப் பிரமை என அவர்களை அனுப்பிவிடுவது நியாயமாகாது.

தீவுகளின் நிலைமை இவற்றோடு எவ்வாறு பொருந்துகிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983 முதல் போர்ட் பிளேரில் ஒரு பிராந்திய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி வருகிறது. கார் நிக்கோபார் தீவில் நிகோபாரி மக்களிடையே அந்நிலையத்தார் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. தேங்காய், தாழம் பழம், மீன், பன்றி இறைச்சி ஆகியவற்றை உண்டு வாழ்ந்த மக்கள் இவர்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப் பேரலை அவர்களுடைய தோப்புகளையும் குடியிருப்புகளையும் அழித்தது. பின்னர் நிவாரண அரிசியும் கடைச் சரக்கும் உணவில் கூடுதல் இடம் பெற்றன. தீவுகள் முழுவதையும் நோக்கினால், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர்.

தேங்காயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் சிலருக்கு ஆர்வம் மிகுதி. தேங்காயெண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களினும் எல்.டி.எல். கொழுப்பை உயர்த்துவது மெய்யே. ஆயினும் பசிபிக் கடலில் உணவின் பெரும்பகுதியைத் தேங்காயிலிருந்தே பெற்ற தொகெலாவுத் தீவினரிடம் இருதய நாள நோய் மிகுதியாகக் காணப்படவில்லை எனவும், நியூசிலாந்தில் குடியேறிய பின் அவர்களுடைய எடையும் இரத்த அழுத்தமும் ஏறின எனவும் அங்கு நடந்த ஆராய்ச்சிகள் தெரிவித்தன. உழைத்து, மீன் பிடித்து, உப்பும் சர்க்கரையும் அதிகமின்றி வாழ்ந்தபோது தேங்காய் உண்டது வேறு. நாற்காலியில் அமர்ந்து உண்பது வேறு.

தொலைவுக்கு மீண்டும் வருவோம். மாரடைப்பு நேர்ந்தபின் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிமருந்து முதல் மூன்று மணி நேரத்துக்குள் மிகுந்த பயன் தரும். பன்னிரண்டு மணிக்குப் பின் பயன் பெரிதும் குன்றும். ஹெலிகாப்டர் வரும் வரை, அல்லது கடல் தணியும் வரை காத்திருக்க வேண்டிய இடத்தில், படிவு கிழியாதபடி முன்னரே காப்பது நகரத்தானைவிடத் தீவுவாசிக்கு இன்றியமையாதது. அவ்வாறு காத்தும் நேர்ந்துவிட்டால், முதல் ஊசி எங்கே போடப்படுகிறது என்பதே வினா. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து 2012-க்கும் 2014-க்கும் இடையே நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இணைப்புக்குப் பின் ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6-இலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தது. சிறு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, அங்கேயே மருந்தைக் கொடுத்துப் பின்னர் அனுப்புவது அத்திட்டத்தின் ஓர் அங்கம். படிவு உண்டு எனக் கூறப்பட்டவர் தம் பழைய இ.சி.ஜி. நகலையும் மருந்துச் சீட்டையும் கைவசம் வைத்திருப்பது, கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையிலோ வேறெந்தத் தீவு மருத்துவமனையிலோ பணி புரியும் மருத்துவருக்கு அவ்வேளையில் பெரிதும் உதவும். பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டால், மாறுதல் இன்று நேர்ந்ததா, முன்பே இருந்ததா என்பது உடனே விளங்கிவிடும்.