உடலுக்குள் வளைந்து செல்லும் ஊசி: பயிற்சி நோயாளியிலா, கணினியிலா?

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாரதியால் வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாது. முன்னே போய்க்கொண்டே திருப்ப வேண்டும். உடலுக்குள் செலுத்தும் வளையும் ஊசியும் அப்படித்தான்.

அதன் முனை ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். தள்ளும்போது அந்தச் சரிவை இழையம் அழுத்துவதால் ஊசி வளைகிறது. அடியைப் பிடித்துச் சுழற்றினால் வளையும் திசை மாறும். 2006இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹேண்டில் ஒரே கோணத்தில் இறுகிப்போன சைக்கிளின் கணக்கைக் கொண்டே இந்தப் பாதையை விளக்கினர். எலும்பையும் இரத்தக் குழாயையும் சுற்றிக்கொண்டு கட்டியை அடையலாம் என்பதே நோக்கம்.

ஆனால் குத்தும்போது சதையும் நகர்கிறது. இலக்கு இருந்த இடத்தில் இருப்பதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு 2009இல், உறுப்பைச் சிறுசிறு நான்முகிகளாகப் பிரித்து, ஊசி நகர நகர அவை எப்படி உருமாறும் என்பதைக் கணினியில் உடனுக்குடன் காட்டியது. 2023இல் வட கரோலினா ஆய்வாளர்கள் உயிருள்ள பன்றியின் நுரையீரலுக்குள் ரோபோவே ஊசியைச் செலுத்தச் செய்தனர்.

டயகமவிலிருந்து தோட்டத் தொழிலாளி ஒருவர் கட்டியைப் பரிசோதிக்கக் கண்டிக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். ஊசி குறி தவறினால் இன்னொரு நாளும் போகும். விலை கூடிய ரோபோ நமக்கு இப்போதைக்கு வேண்டாம். கணினிப் பயிற்சி வேறு விடயம். பயிலும் வைத்தியர் தன் முதல் தவறுகளைத் திரையிலேயே விடலாம். அதையாவது நமது மருத்துவ பீடங்கள் கேட்டுப் பெற வேண்டும்.