ஓட்டு வீட்டை இடிக்கும் முன் ஒரு நிமிஷம்: உளுத்தது முனை மட்டும்தானா? இரும்பு தகடு, போல்ட் போட்டு மரத்தை காப்பாற்றலாம்

காரைக்குடி,

ஐப்பசி பிறந்துவிட்டால் ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு வயிற்றில் புளியை கரைக்கும். ஓடு ஒழுகும். விட்டம் ‘கிறீச்’ என்று சத்தம் போடும். மேஸ்திரியை கூட்டி வந்து காட்டினால், "மரமெல்லாம் போச்சுங்க, இடிச்சுட்டு காங்கிரீட் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு போய்விடுவார்.

பல வீடுகளில் அதற்கு அவசியமே இல்லை.

விட்டமோ, உத்திரமோ பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் புதைந்து கிடக்கிற முனைதான் முதலில் போகும். சுவர் மழைத்தண்ணியை குடிக்கும். உள்ளே காற்று போக வழி கிடையாது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து உதிர ஆரம்பிக்கும். அதே மரத்தின் நடுப்பகுதி காற்று பட்டு காய்ந்து கல் மாதிரி கிடக்கும்.

ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பொசுக்கென்று உள்ளே இறங்கினால் அந்த இடம் போச்சு. மேலே மண் கோடு ஓடினால் கரையான். இப்போது ஈரம் பார்க்கவே சின்ன கருவி வந்துவிட்டது. அதன் இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் எத்தனை சதவீதம் என்று காட்டும்.

ஒட்டு போடுவது எப்படி?

அந்த காலத்து தச்சர்கள் ஆணியை நம்பவில்லை. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு போல கழுந்து, குறுக்கே ஒரு மர ஆணி. மழைக்கு உப்பி, வெயிலுக்கு சுருங்கினாலும் இணைப்பு விட்டுப் போகாது. அந்த வேலையை கலைக்காமல் இரும்பை துணைக்கு சேர்ப்பதுதான் புது முறை.

முதலில் ஜாக்கி வைத்து முட்டு கொடுக்கிறார்கள். உளுத்த முனையை நல்ல மரம் வரும் வரை அறுத்து எடுக்கிறார்கள். அதே ஜாதி மரத்துண்டை சாய்வாக வெட்டி ஒட்டு சேர்க்கிறார்கள். மரத்தின் நடுவே வாளால் ஒரு கோடு இழுத்து, அதற்குள் இரும்பு தகட்டை சொருகி, குறுக்கே போல்ட் முடுக்கினால் வெளியே தகடே தெரியாது. தகடு ஜி.ஐ. அல்லது எவர்சில்வராக இருக்க வேண்டும். சாதா இரும்பு ஈர மரத்தில் துருவேறிவிடும்.

முனையை திரும்ப சுவரில் வைக்கும்போது அடியில் ஒரு கல், இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி. அதை சிமெண்ட் பூசி அடைத்தால் பழைய கதைதான். புது மரம் வாங்கினால் சூளையில் காய வைத்ததா என்று கேட்க வேண்டும். பச்சை மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும்.

இரும்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜப்பான் ஒரு பாடம். 1995-ல் கோபே நகர பூகம்பத்தில் 6 ஆயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். கனத்த ஓடு போட்ட பழைய மர வீடுகள் ஏராளமாக விழுந்தன. அதன்பிறகு 2000-ம் ஆண்டில், மர வீடுகளின் முக்கிய இணைப்புகளில் எந்த உலோக பிடிமானம் போட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மரத்தை விடவில்லை.

பாரத்தில்தான் ஆபத்து

மங்களூர் ஓடு ஒரு சதுர அடிக்கு சுமார் 4 கிலோ. நாலு அங்குல காங்கிரீட் சுமார் 24 கிலோ. 100 சதுர அடி அறைக்கு 400 கிலோ தாங்கிய மண் சுவர் மேல் இரண்டரை டன்னை ஏற்றினால் என்ன ஆகும்? மரம் உளுத்தது என்று இடித்தவர், சுவரோடு சேர்ந்து விழுகிற வீட்டை கட்டிக்கொள்கிறார்.

எல்லா மரத்தையும் காப்பாற்றலாம் என்றும் சொல்ல முடியாது. நடுவில் தொய்ந்த விட்டம், கரையான் தின்று கூடான மரம் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதை என்ஜினீயர் பார்த்து சொல்லட்டும்.

அப்படியும் இடிப்பதுதான் வழி என்றால், மரத்துக்கு தனி விலை பேசாமல் காண்ட்ராக்டரிடம் வீட்டை ஒப்படைக்காதீர்கள். ‘இடிக்க கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கிறோம்’ என்று சிலர் சொல்வார்கள். இப்படி இடித்த வீடுகளின் பர்மா தேக்கு தூண், நிலை, கதவுக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு கடைகளில் என்ன விலை என்று ஒரு நடை போய் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.